ஒரே தெரு, மூன்று மாகாணம்

என் மாமியாரின் தம்பி 2021 கடைசியில் இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிள்ளைகள் இல்லை, உயிலும் எழுதி வைக்கவில்லை. ஜெர்மனியின் வடக்கே செல்லே என்ற ஊரில் ஒரு சின்ன வீடு, கொஞ்சம் சேமிப்பு, பரண் நிறைய பொம்மை ரயில்கள். அக்காதான் ஒரே வாரிசு என்பது சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாரிசுச் சான்றிதழ் தர வேண்டிய நீதிமன்றத்துக்கு அது காகிதத்தில் தெரிய வேண்டும். அக்கா தம்பி இருவரும் ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும்.

காகித வேலை என் தலையில் விழுந்தது. இங்கே வந்து பதினெட்டு வருஷத்தில் விசா, குடியுரிமை, வருமான வரி என்று நான் நிரப்பாத படிவம் கிடையாது. அதனால் இந்த வீட்டில் அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் பிரிக்காமலே மருமகனிடம் நீட்டிவிடுவார்கள். இரண்டு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஒன்றரை வருஷம் ஆனது.

முதல் தபாலிலேயே சிக்கல். நீதிமன்றத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம். மாமியாரின் அம்மா, அதாவது என் மனைவியின் பாட்டி, 1912-இல் பிறந்தவர். நான் அனுப்பிய மூன்று காகிதங்களில் அவர் பிறந்த இடம் மூன்று விதமாக இருக்கிறதாம். 1936-இல் கல்யாணமானபோது கொடுத்த குடும்பப் பதிவேட்டில் ‘ஷ்னைடெம்யூல், கிரென்ஸ்மார்க்’. போருக்குப் பிறகு அகதிகளுக்குக் கொடுத்த அட்டையில் ‘ஷ்னைடெம்யூல், பொமரேனியா’. 1994-ஆம் வருஷத்து இறப்புச் சான்றிதழில் ‘ஷ்னைடெம்யூல், போசன்’. இவர் ஒருவரா, மூன்று பேரா என்று அவர்கள் நேராகக் கேட்கவில்லை. பிறப்புப் பதிவின் நகலைச் சமர்ப்பிக்கவும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே வீடுதான். அம்மா அந்த வீட்டிலேதான் பிறந்தாள், கல்யாணம் ஆகியும் அங்கேதான் இருந்தாள், நானும் அங்கேதான் பிறந்தேன். தெரு கூட மாறவில்லையே” என்றார்.

தெரு மாறவில்லை, நிஜம்தான். தெருவைச் சுற்றியிருந்த மாகாணம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது அது போலந்தில் இருக்கிறது. பெயரைப் ‘பீவா’ என்று உச்சரிக்க வேண்டும். எழுத்தைப் பார்த்தால் ‘பிலா’ என்றுதான் படிக்கத் தோன்றும். போலிஷ் மொழியில் பீவா என்றால் ரம்பம். ஷ்னைடெம்யூல் என்றால் ஜெர்மனில் மரம் அறுக்கும் ஆலை. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே சா மில்லை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்! அந்தக் காலத்து ஜெர்மன் ராஜ்ஜியமான பிரஷ்யாவின் கிழக்கு ரயில் பாதை 1851-இல் இந்த ஊர் வழியாகப் போடப்பட்டது. அப்புறம் பெரிய சந்திப்பாகி, ரயில் பட்டறையும் வந்து, ஊரே ரயில்வேக்காரர்களால் நிரம்பிவிட்டது. பாட்டியின் அப்பா நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தவர். தாய்மாமாவின் பரணில் இருந்த பொம்மை ரயில்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ என்னவோ.

நான் செய்த முதல் தப்பு, எந்த யோசனையும் இல்லாமல் ஒரு வம்சாவளி மென்பொருளில் குடும்ப மரத்தை ஏற்றியது. ஊர் பெயரைத் தட்டினால் அதுவே ‘ஷ்னைடெம்யூல், போசன், போலந்து’ என்று நிரப்பிக் கொடுத்தது. வசதியாக இருக்கிறதே என்று எல்லோருக்கும் அதையே போட்டேன். 1912-க்கும் அதுதான், 1936-க்கும் அதுதான், 1940-க்கும் அதுதான். அதை நம்பி 1940-களின் போசன் பதிவேடுகளில் மாமியாரின் பிறப்பைத் தேடினேன், இல்லை. பாட்டியின் அகதி அட்டையில் பொமரேனியா என்று இருக்கிறதே என்று, பொமரேனியா ஆவணங்களை வைத்திருக்கும் ஒரு காப்பகத்துக்கு 1912-ஆம் வருஷப் பதிவைக் கேட்டு எழுதினேன். ஆறு வாரம் கழித்து மரியாதையாகப் பதில் வந்தது: தாங்கள் கேட்கும் ஆண்டில் அந்த ஊர் பொமரேனியாவில் இல்லை. அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. 1912-க்கு நான் கேட்க வேண்டிய கேள்வியை 1940-க்கும், 1940-க்குக் கேட்க வேண்டியதை 1912-க்கும் மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

அன்று ராத்திரிதான் ஒழுங்காக உட்கார்ந்து ஊரின் ஜாதகத்தை எழுதினேன். 1772-இல் போலந்தை முதல் தடவை பங்கு போட்டபோது ஊர் பிரஷ்யாவுக்கு வந்தது. 1807-இல் நெப்போலியன் அதைப் பிடுங்கி வார்சா சிற்றரசில் சேர்த்தார். 1815-இல் திரும்பவும் பிரஷ்யா, இந்தத் தடவை போசன் என்ற புது மாகாணத்தில். முதலாம் உலகப் போர் முடிந்து வெர்சாய் ஒப்பந்தத்தில் போசன் மாகாணத்தின் பெரும்பகுதி போலந்துக்குப் போனது. மேற்கு ஓரத்தில் சில துண்டுகள் மட்டும் மிஞ்சின, பக்கத்து மேற்கு பிரஷ்யா மாகாணத்திலும் அப்படியே. துண்டுகளை என்ன செய்வது? 1922-இல் அவற்றைத் தைத்து ஒரு மாகாணமாக ஆக்கி, இழந்த இரண்டு பெயர்களையும் அதன் நெற்றியில் ஒட்டினார்கள்: கிரென்ஸ்மார்க் போசன்-மேற்கு பிரஷ்யா. கிரென்ஸ்மார்க் என்றால் எல்லைச் சீமை. மொத்தமே 7,700 சதுர கிலோமீட்டர் சுமார். மூன்று துண்டுகளாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், எல்லையோரமாகத் தொங்கிய நிலம். அதற்குத் தலைநகர் ஷ்னைடெம்யூல். ரயில்வே ஊருக்கு ஒரே நாளில் மாகாணத் தலைநகர் யோகம் அடித்தது.

யோகம் பதினாறு வருஷம்தான். 1938 அக்டோபர் 1-இல் அந்த மாகாணத்தைக் கலைத்துவிட்டார்கள். வடக்குத் துண்டு பொமரேனியாவுக்கு, நடுத்துண்டு பிராண்டன்பர்க்குக்கு, தெற்கே ஃப்ராவ்ஷ்டாட் பக்கம் சிலேசியாவுக்கு. பொமரேனியாவுக்குள் போன பகுதிக்கு ஒரு கோட்டம் என்ற அந்தஸ்தைக் கொடுத்து, பழைய பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆக, பாட்டி பிறந்தது போசனில், தாலி கட்டியது, இல்லை, மோதிரம் மாற்றியது கிரென்ஸ்மார்க்கில், மகளைப் பெற்றது பொமரேனியாவில். வீட்டைவிட்டு நகராமலே.

இதில் இன்னொரு கண்ணிவெடி இருக்கிறது. 1939-இல் ஹிட்லரின் படை போலந்தைப் பிடித்தபோது பழைய போசன் பகுதியை ‘ரைக்ஸ்காவ் போசன்’ என்று சேர்த்துக்கொண்டார்கள். சீக்கிரமே அதை வார்தெலாண்ட் என்று மாற்றினார்கள். இது பிரஷ்ய மாகாணமே அல்ல, வேறு நிர்வாகம். அதில் ஷ்னைடெம்யூல் கிடையாது. 1940-க்கு ‘போசன்’ என்று நான் தேடியபோது வந்து கொட்டியதெல்லாம் இந்த ஆக்கிரமிப்புக் காலத்துக் காகிதங்கள்தான். ஒரே பெயர் இருபது வருஷ இடைவெளியில் வேறு வேறு நிலத்தைக் குறிக்கும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அதற்கப்புறம் ஆர்வம் வந்துவிட்டது. ஒரு சார்ட் தாள் வாங்கி பிரஷ்ய மாகாணங்கள் எல்லாவற்றையும் வருஷ வாரியாக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். மனைவி ஒரு வாரம் பேசாமல் பொறுத்துக்கொண்டாள்.

1815 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆணையில் பத்து மாகாணங்கள் இருந்தன: கிழக்கு பிரஷ்யா, மேற்கு பிரஷ்யா, போசன், பிராண்டன்பர்க், பொமரேனியா, சிலேசியா, சாக்சனி, வெஸ்ட்ஃபாலியா, மேற்கே ரைன் நதிக்கரையில் இரண்டு. 1822-இல் ரைன் பக்கத்து இரண்டும் ஒன்றாகி ரைன் மாகாணம் ஆனது. 1829-இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து வெறும் ‘பிரஷ்யா மாகாணம்’ ஆனது. 1878-இல் திரும்பவும் பிரிந்தது. நடுவே பிறந்தவர்களின் காகிதத்தில் ‘பிரஷ்யா’ என்று இருந்தால் அது ராஜ்ஜியமா, மாகாணமா என்று தெரியாது. இரண்டுமே அந்தப் பெயரில் இருந்தன. 1850-இல் தெற்கே வெகு தூரத்தில், ராஜ வம்சத்தின் பூர்வீகமான ஹோஹென்ஸோலர்ன் நிலம் வந்து சேர்ந்தது. 1866-இல் ஆஸ்திரியாவைத் தோற்கடித்த கையோடு ஹனோவர் ராஜ்ஜியம், ஹெஸ்ஸென்-காசெல், நாசாவ், ஃபிராங்க்ஃபர்ட், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் எல்லாவற்றையும் விழுங்கி மூன்று புது மாகாணங்கள் ஆக்கினார்கள். முதல் உலகப் போர் தொடங்கும்போது பன்னிரண்டு மாகாணங்கள். பெர்லினும் ஹோஹென்ஸோலர்னும் கணக்கில் சேராமல் தனி.

சிலேசியாவின் கதைதான் இருப்பதிலேயே பாவம். 1919-இல் மேல் சிலேசியா, கீழ் சிலேசியா என்று பிரித்தார்கள். 1921-இல் மேல் சிலேசியாவில் வாக்கெடுப்பு நடத்தி, அடுத்த வருஷம் ஒரு பகுதியைப் போலந்துக்குக் கொடுத்தார்கள். மிச்சமிருந்த இரண்டையும் 1938-இல் சேர்த்து, 1941-இல் திரும்பப் பிரித்தார்கள். 1935-இல் ஓப்பெல்னில் பிறந்தவருக்கும் 1939-இல் அதே ஊரில் பிறந்த தங்கைக்கும் மாகாணம் வேறு.

அடுக்கு முறையைப் புரிந்துகொண்டதும் பாதி பயம் போய்விட்டது. மேலே மாகாணம். அதற்குக் கீழே ‘ரெகீருங்ஸ்பெட்ஸிர்க்’ என்று ஒன்று. நம் கோட்டம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே ‘க்ரைஸ்’. ஜெர்மனில் க்ரைஸ் என்றால் வட்டம் என்றே அர்த்தம். தாலுகாவுக்கு நாமும் வட்டம் என்றுதானே சொல்கிறோம், அதனால் மனதில் பதிந்துவிட்டது. வட்டத்துக்குக் கீழே ஊர். பிறப்பு, இறப்பு, கல்யாணத்தைப் பதிவது ஊரளவில் இருக்கும் ‘ஷ்டாண்டெஸ்அம்ட்’ என்ற பதிவு அலுவலகம். பிரஷ்யாவில் அது 1874 அக்டோபர் 1-இல் தொடங்கியது; ஜெர்மனி முழுவதற்கும் 1876 ஜனவரி 1. அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. ரைனின் இடது கரையில் மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புண்ணியத்தில் 1798-லிருந்தே அரசுப் பதிவு உண்டு. பதிவேடு மாகாணத்தின் கையில் இருந்ததே இல்லை, ஊர் அலுவலகத்தின் கையில்தான் இருந்தது. மாகாணத்தைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று மாதம் அலைந்தது வீண்.

அப்படியானால் மாகாணம் எதற்கு? ஒரே பெயரில் நூறு ஊர் இருப்பதால். நொய்டோர்ஃப் என்று தேடிப் பாருங்கள், நம் புதூர் மாதிரிதான், எங்கு பார்த்தாலும் ஒன்று இருக்கும். மாகாணமும் வட்டமும் தெரிந்தால்தான் எந்த நொய்டோர்ஃப் என்று பிடிக்க முடியும். இதற்கு எனக்குக் கைகொடுத்தது 1912-ஐ ஒட்டி அச்சான ‘மேயர்ஸ்’ ஊர்ப்பெயர் அகராதி. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஊர் பெயரைத் தேடினால் அன்றைய மாகாணம், கோட்டம், வட்டம், எந்தப் பதிவு அலுவலகத்தில் சேர்ந்தது என்பதெல்லாம் சுருக்கெழுத்தில் இருக்கும். சின்ன கிராமங்களுக்குச் சொந்தப் பதிவு அலுவலகம் இருக்காது, பக்கத்து ஊரில்தான் பதிந்திருப்பார்கள். அதையும் அது சொல்லிவிடும். ஆனால் அது உலகப் போருக்கு முந்தைய நிலவரம். 1925-இல் பிறந்தவருக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நான் செய்த தப்பையே நீங்களும் செய்வீர்கள்.

தப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, கோல்மார் விவகாரம். குடும்பப் பதிவேட்டில் பாட்டியின் அப்பா பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘கோல்மார்’ என்று படித்தேன். கோல்மார் என்றால் பிரான்ஸில், அல்சாஸில் இருக்கும் அழகான ஊர். அப்போது அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்தது. அடடா, குடும்பத்தில் பிரெஞ்சு ரத்தம் இருக்கிறதா என்று மனைவிக்கும் மச்சினிக்கும் ஒரே சந்தோஷம். வாட்ஸ்அப் குழுவில் ஒயின் கோப்பைப் படமெல்லாம் பறந்தது. இரண்டு வாரம் கழித்து, வேறு எதற்கோ அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பெயருக்குப் பின்னால் நான் மைக்கறை என்று விட்டுவிட்ட இடத்தில் ‘இ. பொ.’ என்று இரண்டு எழுத்து இருந்தது. ‘இன் போசன்’, அதாவது ‘போசனில் உள்ள’ என்பதன் சுருக்கம். போசனில் ஒரு கோல்மார் இருந்திருக்கிறது. ஷ்னைடெம்யூலுக்குத் தெற்கே, ரயிலில் கொஞ்ச தூரம். இன்றைக்கு அதன் பெயர் ஹோட்ஸியெஷ். ஷ்னைடெம்யூல் தனி நகர வட்டமாகப் பிரிந்தது 1914-இல்; அதுவரை அது இந்தக் கோல்மார் வட்டத்தில்தான் இருந்தது. 1920-இன் புது எல்லையில் மகள் ஊர் ஜெர்மனி, அப்பா பிறந்த ஊர் போலந்து. மச்சினிக்கு இன்றும் என்மேல் வருத்தம்.

ஊர் பெயருக்குப் பின்னால் வரும் வாலை வெட்டாதீர்கள் என்று இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்வேன். ஷ்வெரின் என்றால் மெக்லென்பர்க் தலைநகர் ஷ்வெரினும் உண்டு, வார்த்தெ நதிக்கரை ஷ்வெரினும் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட் இரண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். வால்தான் முகவரி.

சரி, 1912 பதிவு எப்படிக் கிடைத்தது? போலந்தில் பிறப்புப் பதிவேடு நூறு வருஷம், கல்யாணமும் இறப்பும் எண்பது வருஷம் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். அதன் பிறகு அரசு ஆவணக்காப்பகத்துக்குப் போய்விடும். ஜெர்மனியில் அதே கணக்கு 110, 80, 30. ஆக 1912 பதிவு காப்பகத்தில், 1940 பதிவு ஊர் அலுவலகத்தில். போலந்தின் அரசு ஆவணக்காப்பகங்கள் ஏராளமான பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கின்றன. ஊரின் இன்றைய போலிஷ் பெயரைக் கொடுத்துத்தான் தேட வேண்டும். ஜெர்மன் பெயரில் தேடி ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டவன் நான். ‘பீவா’ என்று போட்டதும் வருஷ வாரியாக வரிசையாக வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் மாமியார். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். பக்கத்தின் நடுவில் அச்சடித்த வாசகம்: ‘கீழே கையொப்பமிடும் பதிவாளர் முன்பு இன்று நேரில் வந்தவர்...’. இடையிடையே விட்ட இடத்தில் கறுப்பு மையில் கையெழுத்து. அப்பாவின் பெயர், தொழில், மதம், தெருப் பெயர், வீட்டு எண். எல்லாம் இருந்தது. போசன் என்ற வார்த்தை மட்டும் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை! பதிவாளருக்குத் தன் ஊர் எந்த மாகாணத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூன்று மாகாணப் பெயரையும் ஒட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். அகதி அட்டை எழுதியவர் தப்பியோடும்போது ஊர் எந்த மாகாணமோ அதை எழுதினார், பதிவேட்டுக்காரர் கல்யாண நாளின் மாகாணத்தை எழுதினார், இறப்புச் சான்றிதழில் மட்டும்தான் பிறந்த நாளின் மாகாணம் வந்தது. யாரும் பொய் எழுதவில்லை.

மாமியார் திரையில் வீட்டு எண்ணைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவருடைய தாத்தா. எஞ்சின் கரி அள்ளியவரின் கையெழுத்து அச்சு கோத்த மாதிரி இருந்தது.

காகிதம் வாங்குவதில் நான் கற்றதைக் கொஞ்சம் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். நீதிமன்றத்துக்குத் திரையில் பார்த்த படம் போதாது. காப்பகத்தில் கேட்டுச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். கேட்கும்போது பதிவு அலுவலகத்தின் பெயர், வருஷம், பதிவு எண் மூன்றையும் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். ‘பாட்டியைத் தேடித் தாருங்கள்’ என்று எழுதினால் வரிசையில் கடைசிக்குப் போகும். ஊர் அலுவலகத்துக்குப் போலிஷ் மொழியில் எழுதுங்கள், சின்ன வாக்கியங்களாக. 1940 பிறப்புக்குப் பன்மொழிச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2019-லிருந்து இந்த வகைச் சான்றுகளுக்கு, ஆவணம் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்குக் காட்டும் ‘அப்போஸ்டில்’ முத்திரை தேவையில்லை. மொழிபெயர்ப்புச் செலவும் அதில் மிச்சமானது. கேட்பவர் ரத்த உறவு என்று காட்ட வேண்டும் என்பதால் மாமியாரின் கையொப்பத்தோடு எனக்கு ஓர் அதிகாரக் கடிதமும் தயார் செய்தேன். போலந்தில் இல்லாமல் ஜெர்மனிக்குத் தப்பி வந்த கிழக்குப் பகுதிப் பதிவேடுகள் பெர்லினில் முதலாம் எண் பதிவு அலுவலகத்தில் இருக்கின்றன, பழையவை பெர்லின் மாநில ஆவணக்காப்பகத்தில். எங்களுக்கு அங்கே போகத் தேவைப்படவில்லை.

நீதிமன்றத்துக்கு நகல்களோடு என் சார்ட் தாளைச் சுருக்கி அரைப்பக்க அட்டவணையாகவும் அனுப்பினேன். தேதி, அன்றைய மாகாணம், எந்த மாற்றத்தால். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன். அடுத்த கடிதத்தில் கேள்வி எதுவும் வரவில்லை.

தாய்மாமாவின் பிறப்பிலும் ஒரு வேடிக்கை. 1945 ஜனவரியில் சின்னப் பிள்ளையான என் மாமியாரோடு ரயிலேறிய குடும்பம் ஹனோவர் மாகாணத்தில் போய் இறங்கியது. ஒரு காலத்தில் தனி ராஜ்ஜியமாக இருந்து, பிரஷ்யா விழுங்கி மாகாணமாக்கிய அதே ஹனோவர். 1946 ஆகஸ்ட் 23-இல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் தன் பகுதியிலிருந்த பிரஷ்ய மாகாணங்களை ரத்து செய்து தனி மாநிலங்கள் ஆக்கியது. நவம்பர் 1-இல் ஹனோவர் மாநிலம் லோயர் சாக்சனியில் கரைந்தது. எழுபது நாள் ஆயுள். தாய்மாமா பிறந்தது அந்த செப்டம்பரில். பிரஷ்யா என்ற பெயரையே நேச நாடுகள் 1947 பிப்ரவரி 25-இல் சட்டம் போட்டு அழித்தன. தாய்மாமாவின் படிவங்களில் எல்லாம் ‘லோயர் சாக்சனி’ என்று எழுதிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயம் பரவி, இப்போது தெரிந்தவர்கள் எல்லாம் தாத்தா காகிதத்தோடு வருகிறார்கள். அலுவலக நண்பர் ஒருவர் ஹாம்பர்க்கின் 1930 பதிவுகளில் தாத்தாவைத் தேடித் தேடிக் களைத்திருந்தார். தாத்தா பிறந்தது ஆல்டோனாவில். 1937 ஏப்ரல் 1 வரை ஆல்டோனா ஹாம்பர்க் இல்லை, பிரஷ்யாவின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணம். இன்னொருவருக்குச் சார்லோட்டன்பர்க். 1920 அக்டோபர் 1-இல் 7 நகரங்கள், 59 கிராமங்கள், 27 பண்ணை நிலங்களைச் சேர்த்துப் பெரிய பெர்லினை உருவாக்கும்வரை அது பிராண்டன்பர்க் மாகாணத்தின் தனி நகரம்.

சாக்சனியில் மாட்டாதவர்கள் குறைவு. சாக்சனி ராஜ்ஜியம் வேறு, பிரஷ்யாவின் சாக்சனி மாகாணம் வேறு. 1815-இல் ராஜ்ஜியத்திலிருந்து பறித்த நிலத்தோடு பழைய மாக்டெபர்க் பகுதியும் சேர்ந்ததுதான் மாகாணம். நமக்குச் சீகன்பால்கு வழியாகத் தெரிந்த ஹாலே, தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்குத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பிய ஊர், பிரஷ்யாவின் மாகாணப் பக்கம். அவர் பிறந்த புல்ஸ்னிட்ஸ் ராஜ்ஜியத்தின் பக்கம். இரண்டு ஊர்க்காரர்களையும் ‘சாக்சனிக்காரர்’ என்று ஒரே பெட்டியில் போட்டால் காகிதம் கிடைக்காது. இப்போது நான் குறித்துக்கொள்ளும் முறை இதுதான்: காகிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு வரி, வால் உட்பட. அதன் கீழே அந்தத் தேதியில் மாகாணமும் வட்டமும். அதன் கீழே இன்றைய பெயரும் நாடும். மென்பொருள் தானாக நிரப்பினால் அழித்துவிட்டுக் கையால் அடிக்கிறேன்.

வாரிசுச் சான்றிதழ் 2023 கோடையில் வந்தது. அதற்கப்புறம் தம்பியின் சேமிப்பை மாற்ற மாமியார் பேரில் இணையத்தில் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து நான் நிரப்பினேன். பிறந்த தேதி, பிறந்த ஊர். அடுத்து பிறந்த நாடு. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம், பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். கடவுச்சீட்டில் 1945 ஆகஸ்ட் 2-க்கு முன் பிறந்தவர்களுக்கு ஜெர்மன் ஊர்ப்பெயரே போடுவார்கள் என்பதால் ஜெர்மனி என்றே எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே பட்டியலைக் கீழே உருட்டினேன். “நிறுத்து, நிறுத்து” என்றார். ‘ப’ வரிசையில் நின்றது. போலந்து, அதற்குக் கீழே போர்ச்சுகல். போர்ச்சுகலுக்கு அடுத்த இடத்தில் விரலை வைத்து, “அகர வரிசைப்படி இங்கேதான் வந்திருக்கணும்” என்று சிரித்தார். நான் மேலே உருட்டி ஜெர்மனியை அழுத்தினேன்.